எச்சமாய் நின்ற புழுக்கள்: முதுமை மரபியலும் முன்னோட்ட நிதியும்

தமிழ் இலக்கணத்தில் எச்சம் என்பது முடிவு பெறாத வினை. 'வந்து' என்று நின்றால் அதை முடித்துவைக்க இன்னொரு வினை வரவேண்டும். வழக்கில் அதே சொல், ஒருவர் விட்டுச்செல்வதையும் குறிக்கும். முதுமையின் மரபியல் என்ற துறை உருவான வரலாற்றைப் படிக்கையில் இவ்விரு பொருளும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. பெருந்திட்டத்துக்கு முன், ஓரிரு ஆண்டுகளுக்கெனச் சிறு தொகையாக வழங்கப்படும் முன்னோட்ட நிதியை எதைக்கொண்டு மதிப்பிடுவது? இக்கேள்விக்கு அவ்வரலாறு தரும் விடையையே இப்பதிவில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1970களில் முதுமையை மரபணுக்களின் வழியே ஆராயலாம் என்று சொன்னால் நம்புவோர் குறைவு. அந்த ஐயத்துக்கு வலுவான அடிப்படை இருந்தது. பீட்டர் மெடாவர் 1952இலும், ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957இலும் முன்வைத்த படிமலர்ச்சிக் கோட்பாடுகளின்படி, வயது ஏற ஏற இயற்கைத் தேர்வின் பிடி தளர்கிறது. இனப்பெருக்கப் பருவத்துக்குப் பின் தீங்கு செய்யும் பல மரபணுக்களின் கூட்டு விளைவே மூப்பு. அப்படியானால் ஒரே ஒரு மரபணுவை மாற்றி ஆயுளை நீட்டுவது நடவாத செயல் என்றே பலரும் கருதினர்.

1974ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள் தம்முள் தொடர்பின்றி நடந்தன. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சிட்னி பிரென்னர், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவின் மரபியலை விரிவான கட்டுரையாக வெளியிட்டார். அமெரிக்காவில் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. அதற்கான முந்தைய முன்வடிவை 1972இல் மறுத்த அதே நிக்சன்தான் இதில் கையெழுத்திட்டார். ஒன்று கருவியைத் தந்தது. மற்றொன்று பிற்காலத்தில் அக்கருவிக்குப் பணம் தந்தது.

இந்தப் புழு தேர்வானதில் காலக் கணக்குக்கும் பெரும் பங்குண்டு. ஆய்வுக்கூட எலி இரண்டு மூன்று ஆண்டுகள் வாழும். வழக்கமான ஒரு நல்கையின் காலமும் ஏறத்தாழ அதுவே. எலியின் ஆயுளை அளந்து முடிக்குமுன் நிதி முடிந்துவிடும். புழுவோ இரண்டு மூன்று வாரங்களே வாழும். ஓராண்டுப் பணத்தில் பல தலைமுறைகளின் பிறப்பையும் இறப்பையும் எண்ணிவிடலாம். எந்த உயிரியைக் கொண்டு மூப்பை அறிவது என்பதை அறிவியல் மட்டும் தீர்மானிக்கவில்லை. நிதியாண்டும் சேர்ந்தே தீர்மானித்தது.

மைக்கேல் கிளாஸ் இப்புழுவைக் கொண்டு நீளாயுள் பிறழ்வுகளைத் தேடினார். வேதிப்பொருளால் மரபணுப் பிறழ்வுகளைத் தூண்டி, சுமார் 8,000 புழு வழிகளைச் சலித்தார். வழக்கத்தைவிட நீண்டகாலம் வாழ்ந்தவை எட்டு மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை சரிவர உணவு உண்ணாத புழுக்கள். பட்டினியால் ஆயுள் நீண்டிருக்கலாம் என்பது அவர் விளக்கம். ஆயுளுக்கெனத் தனி மரபணுக்கள் மிக அரிதாகவே இருக்கக்கூடும் என்ற முடிவோடு 1983இல் கட்டுரையை வெளியிட்டார். ஒரு முறையும் சில தொடக்க முடிவுகளும் என்ற அளவிலேயே அக்கட்டுரையின் தலைப்பும் அமைந்தது. பின்னர் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு மருந்து நிறுவனப் பணிக்குச் சென்றார்.

இன்றைய இறுதி அறிக்கைப் படிவத்தில் இதை நிரப்பினால், 'எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். ஆனால் இப்புழுக்களை உறைய வைத்துப் பல ஆண்டுகள் கழித்தும் உயிர்ப்பிக்க முடியும். கிளாஸ் தம் புழு வழிகளைத் தாமஸ் ஜான்சனிடம் ஒப்படைத்துவிட்டே சென்றார். ஜான்சனும் டேவிட் ஃப்ரீட்மனும் அவற்றை மீண்டும் கலப்பினம் செய்து ஆராய்ந்து, நீளாயுளுக்கு ஒரே ஒரு மரபணுவின் பிறழ்வே காரணம் என்று 1988இல் காட்டினர். அதற்கு ஏஜ்-1 என்று பெயர். 20 பாகை வெப்பத்தில் சராசரி ஆயுள் ஏறத்தாழ 40 விழுக்காடும், 25 பாகையில் 65 விழுக்காடும் கூடியது. கிளாஸ் 'இல்லை' என்று முடித்த வாக்கியத்தை, அவர் விட்டுச்சென்ற புழுக்களே மாற்றி எழுதின.

அடுத்த பாய்ச்சலும் இப்படியே நிகழ்ந்தது. 1993இல் சிந்தியா கென்யானின் குழு, டாஃப்-2 மரபணுவில் பிறழ்வுற்ற புழு இருமடங்குக்கும் மேல் வாழ்வதைக் கண்டது. அப்பிறழ்வுப் புழுக்கள் நீளாயுளுக்காகச் சேகரிக்கப்பட்டவை அல்ல. உணவின்றி நெருக்கடி நேர்கையில் இளம்புழு உறக்கநிலைக்குச் செல்வது எவ்வாறு என்ற வேறொரு கேள்விக்காகப் பிறர் சேர்த்துவைத்தவை. ஏஜ்-1, டாஃப்-2 இரண்டும் இன்சுலின் போன்ற சமிக்ஞைப் பாதையைச் சேர்ந்தவை என்பதை 1996, 1997 ஆண்டுகளில் கேரி ரவ்குனின் ஆய்வகம் வெளிப்படுத்தியது. அப்பாதை நம் உடலிலும் உண்டு. அப்பாதையின் முனையிலுள்ள டாஃப்-16க்கு இணையான ஃபாக்ஸோ-3ஏ மரபணுவின் ஒரு வடிவம் மனிதரின் நீளாயுளோடு தொடர்புடையது என்று ஹவாய்த் தீவுகளின் ஜப்பானிய வம்சாவளி ஆடவரிடம் செய்த ஆய்வு 2008இல் தெரிவித்தது.

இத்துறை வலுப்பெற்ற பின்னரே முன்னோட்ட நிதி நிறுவன வடிவம் பெற்றது. 1995இல் நேதன் ஷாக் பெயரால் தொடங்கப்பட்ட முதுமை உயிரியல் மையங்கள் முன்னோட்டத் திட்டங்களுக்கு உதவுகின்றன. பொதுக் கருவிக்கூடங்களையும் ஆய்வுச் சேவைகளையும் பிறருக்குத் திறந்துவைப்பது அவற்றின் சிறப்பு. பணம் தீர்ந்தாலும் முறையும் பொருளும் மையத்தில் தங்கும்.

இந்தியாவுக்கு வருவோம். முதுமையை மரபணுச் செயல்பாட்டின் மாற்றமாக விளக்கும் மாதிரியை வாரணாசியிலுள்ள பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் எம்.எஸ். கனுங்கோ 1975இலேயே வெளியிட்டார். எனவே சிந்தனைக்கு இங்குப் பஞ்சம் இருந்ததில்லை. முன்னோட்டம் எவ்வாறு பயன்தரும் என்பதற்கும் நம்மிடம் நல்ல சான்று உண்டு. இந்திய நெடுநோக்கு முதுமை ஆய்வு, 2010இல் கர்நாடகம், கேரளம், பஞ்சாப், ராஜஸ்தான் ஆகிய நான்கு மாநிலங்களில் ஏறத்தாழ 1,600 பேரிடம் முன்னோட்டமாக நடந்தது. வினாநிரலைப் பல மொழிகளில் கேட்க முடியுமா, குருதித்துளியைத் தாளில் உலர்த்திச் சேகரிக்க முடியுமா என்பனவே அப்போதைய கேள்விகள். அதே முறைகளின் மேல் 2017-18இல் 72,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட முதன்மை ஆய்வு எழுந்தது. அதன் கிளையான மறதிநோய் ஆய்விலிருந்து 2,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் முழு மரபணுத்தொகுதிகள் இன்று ஆய்வுலகுக்குக் கிடைத்துள்ளன.

நம் நல்கைக் குழுக்கள் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. முன்னோட்டம் முடிந்ததும் பயன்பாட்டுச் சான்றிதழையும் கட்டுரை எண்ணிக்கையையும் கேட்கிறோம். 'சேகரித்த பொருள் எங்கே உள்ளது, அடுத்தவர் அதை எப்படிப் பெறலாம்' என்று கேட்பது அரிது. ஆய்வு மாணவர் ஊர் மாறியதும் உறைபெட்டியிலுள்ள மாதிரிகள் உரிமையாளரின்றிப் போகின்றன. மொழியியல் களப்பதிவுகளின் நிலையும் வேறன்று. பேசியவர் மறைந்தபின் அப்பதிவை மறுபடி எடுக்க இயலாது. இறுதி அறிக்கையில் அந்த ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்குப் பெரும் செலவு ஆகாது. சேர்த்த பொருளை வைத்துக் காக்க ஓர் இடமும், அதற்கென நிதியில் ஒரு சிறு பங்கும் ஒதுக்கினால் போதும்.

முன்னோட்டத்தை முற்றுப்பெற்ற வினையாகக் கருதி மதிப்பெண் இடுவதே பிழை. அது எச்சம். முடிக்கும் வினை வேறொருவருடையதாக இருக்கலாம். ஐந்தாண்டு கழித்தும் வரலாம். அதுவரை அந்தப் புழுக்கள் உறைநிலையில் பத்திரமாக இருக்க வேண்டும்.