புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள்: ஜான் நியூட்டனின் மனமாற்றம்



'அமேசிங் கிரேஸ்' என்னும் ஆங்கில ஞானப்பாடலைக் கேட்டிராத கிறிஸ்தவக் குடும்பம் அரிது. அதனை இயற்றிய ஜான் நியூட்டனின் கதையும் ஞாயிறு பள்ளிகளில் அடிக்கடி சொல்லப்படுவதே. அடிமைக் கப்பலின் தலைவர் ஒருவர் கடும்புயலில் சிக்கினார்; இறைவனை நோக்கிக் கதறினார்; உயிர் பிழைத்தார்; அன்றே அடிமை வணிகத்தை உதறிவிட்டு அப்பாடலை எழுதினார் என்று கதை முடியும். கேட்க இனிய கதைதான். ஆயினும், வரலாறு அவ்வாறு நிகழவில்லை. நிகழ்ந்தது அதைவிட மெதுவானது. பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அதைவிடப் பயனுள்ளது.

தாய் ஊன்றிய விதை

நியூட்டன் 1725ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் வாப்பிங் பகுதியில் பிறந்தார். தந்தை வணிகக் கப்பலின் தலைவர். பெரும்பாலான நாள்களைக் கடலில் கழிப்பவர். ஆகவே, மகனை வளர்க்கும் பொறுப்பு தாயார் எலிசபெத்தையே சார்ந்தது. உடல்நலம் குன்றியிருந்த அத்தாய், நான்கு வயதிலேயே மகனை வாசிக்கப் பழக்கினார். விவிலியப் பகுதிகளையும் ஞானப்பாடல்களையும் மனனம் செய்வித்தார். மகனுக்கு ஏழு வயது நிறையும் முன்பே காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

பதினொரு வயதில் மகன் கடலுக்குச் சென்றான். பின்னர் அரச கடற்படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, தப்பியோடிப் பிடிபட்டுச் சாட்டையடி பெற்றான். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வணிகரிடம் ஏவலாளாகப் பட்டினி கிடந்தான். இறைநம்பிக்கையை எள்ளி நகையாடுவதும், பிறருடைய நம்பிக்கையைக் குலைப்பதும் அவனுக்கு வழக்கமாயின. அந்நாளில் அவனைக் கண்டவர்கள், தாய் கற்பித்த யாவும் வீணாயிற்று என்றே எண்ணியிருப்பர்.

புயல் மாற்றியதும் மாற்றாததும்

1748ஆம் ஆண்டு மார்ச் மாதம், நியூட்டன் தாயகம் திரும்பிக்கொண்டிருந்த 'கிரேஹவுண்ட்' என்னும் கப்பல் வட அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கிற்று. கப்பலின் பக்கம் உடைந்து நீர் புகுந்தது. சரக்காக ஏற்றியிருந்த தேன்மெழுகும் மரமும் நீரில் மிதப்பவை. அதனால் கப்பல் மூழ்காமல் தப்பியது. ஏறத்தாழ நான்கு வாரங்கள் கழித்து அஃது அயர்லாந்துக் கரையை அடைந்தது. சாவின் விளிம்பில் நின்ற அந்நாள்களில், முன்னர்க் கற்ற மறைமொழிகள் நியூட்டனின் நினைவுக்கு வந்தன. அவர் இறைவனிடம் மன்றாடினார்.

அதன்பின் என்ன மாறிற்று? அவர் வாயிலிருந்து பழிச்சொற்கள் நீங்கின. மன்றாட்டும் மறைநூல் வாசிப்பும் தொடங்கின. ஆனால், தொழில் மாறவில்லை. அதே ஆண்டில் ஓர் அடிமைக் கப்பலில் துணைத் தலைவராகப் பணியேற்றார். 1750 முதல் 1754 வரை தாமே கப்பல் தலைவராகி மூன்று முறை ஆப்பிரிக்கா சென்று, மனிதர்களை விலைக்கு வாங்கி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் மாலுமிகளுக்கு அவர் வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்திலோ விலங்கிடப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்தனர். சிறுவர்களுக்கு விரல் நசுக்கும் கருவியை மாட்டிய செய்தியை அவருடைய கப்பல் குறிப்பேடே கூறுகிறது.

இதனை வெறும் வேடம் என்று ஒதுக்கிவிட இயலாது. அவருடைய மன்றாட்டு உண்மையானதே. எனினும், அடிமை வணிகத்தை அன்றைய சட்டம் ஏற்றது, செல்வர் மதித்தனர், திருச்சபையினருள்ளும் பலர் அதனைக் குற்றமாகக் கருதவில்லை. ஊரார் எல்லாரும் சரியென்று சொல்லும் ஒன்றை, மனச்சான்று தானாகவே கண்டுகொள்வது எளிதன்று. அந்தப் புயல் நாளிலேயே தாம் முழுமையான விசுவாசி ஆகிவிடவில்லை என்று நியூட்டனே பின்னாளில் எழுதினார்.

நாள்தோறும் நிகழ்ந்த மாற்றம்

மாற்றம் சிறுசிறு படிகளாகவே வந்தது. சங்கிலியும் பூட்டுமாகிய தம் வேலை சிறைக்காவலர் வேலையைப் போன்றது என்னும் உறுத்தல் அவருக்குள் எழுந்தது. மனிதத்தன்மை மிக்க வேறு பணியைத் தருமாறு இறைவனை வேண்டினார். 1754இல் மேற்கிந்தியத் தீவுகளில் அலெக்சாந்தர் குளூனி என்னும் கப்பல் தலைவரைச் சந்தித்தார். ஏறத்தாழ ஒரு மாத காலம் இருவரும் இறைவாழ்வைப் பற்றி உரையாடினர். அதே ஆண்டு, அடுத்த பயணம் புறப்படுவதற்குச் சற்று முன்னர், மனைவியுடன் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில் நியூட்டன் திடீரென மயங்கி விழுந்தார். அத்துடன் அவருடைய கடல் வாழ்வு முடிந்தது.

1755இல் லிவர்ப்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரியானார். ஓய்வு நேரத்தில் கிரேக்கமும் எபிரேயமும் தாமே கற்றார். 1764இல் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, ஓல்னி என்னும் சிற்றூரில் பணியேற்றார். அங்கு வாழ்ந்தோரில் பலர் சரிகைப் பின்னல் செய்து பிழைத்த ஏழைகள். அவர்களுடைய வீடுகளுக்குச் சென்றார். சிறுவர்களுக்கெனத் தனிக் கூட்டம் நடத்தினார். மன்றாட்டுக் கூட்டங்களுக்கு எளிய பாடல்களை எழுதினார். 1773ஆம் ஆண்டின் முதல் நாள் வழிபாட்டுக்கென எழுதப்பட்டதாகக் கருதப்படுவதே 'அமேசிங் கிரேஸ்'. நண்பர் வில்லியம் கூப்பருடன் சேர்ந்து எழுதிய 348 பாடல்களின் தொகுப்பு 1779இல் வெளிவந்தது.

இங்கே ஒன்றை நாம் கருத்தூன்றிக் காண வேண்டும். இறையருளைப் போற்றும் அப்பாடலை எழுதிய காலத்திலும், அடிமை வணிகத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாகக் குரல் கொடுக்கவில்லை.

இறுதிப் படி

1780இல் நியூட்டன் இலண்டன் திருச்சபை ஒன்றுக்கு மாற்றலானார். 1785 டிசம்பரில், 26 வயது நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்போர்ஸ் அவரிடம் அறிவுரை நாடி வந்தார். இறைவனுக்கு வாழ்வதற்காக அரசியலை விட்டு விலகலாமா என்பதே அவருடைய தயக்கம். இருக்கும் இடத்திலேயே இருந்து தொண்டாற்றுமாறு நியூட்டன் அறிவுறுத்தினார். அந்த இளைஞரே பின்னர் நாடாளுமன்றத்தில் அடிமை வணிக ஒழிப்புக்குத் தலைமை தாங்கினார்.

1788இல், புயலடித்து நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னர், நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வணிகம் குறித்துச் சிறு நூலொன்றை வெளியிட்டார். தாம் செய்த கொடுமையை ஒளிக்காமல் எழுதினார். காலந்தாழ்ந்த அறிக்கை என்றும் தாமே ஒப்புக்கொண்டார். நாடாளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி கூறினார். 1807 மார்ச்சில் பிரிட்டனின் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில், 82ஆம் வயதில் நியூட்டன் காலமானார்.

நமக்குரிய பாடம்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பர் நம் முன்னோர். நியூட்டன் ஐந்தில் வளைந்தார், இளமையில் முறுக்கிக்கொண்டார், அறுபதைக் கடந்து மீண்டும் வளைந்தார். ஐந்தில் கற்பித்த தாய் அதனைக் காண உயிரோடில்லை. ஆகவே, கற்பித்தது பலன் தரவில்லையே என்று பெற்றோரும் ஆசிரியரும் அவசரப்பட்டுத் தீர்ப்பெழுத வேண்டா.

மற்றொன்றும் உண்டு. இறைவன் தரும் மாற்றத்தை நாடுவோர் பலர் முதலில் பேச்சைத் திருத்துகிறோம், வழிபாட்டைச் சீராக்குகிறோம். வருவாய் வரும் வழியும், நமக்குக் கீழே உள்ளவரை நடத்தும் முறையும் பெரும்பாலும் கடைசியில்தான் மாறுகின்றன. அந்தத் தாமதத்தின் விலையை நியூட்டன் செலுத்தவில்லை. கீழ்த்தளத்தில் கிடந்தவர்கள் செலுத்தினர். எனவே, அன்றாட மன்றாட்டில் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று: எல்லாரும் செய்வதால் தவறாகவே தோன்றாத எச்செயலை நான் இன்னும் செய்துகொண்டிருக்கிறேன்? வகுப்பறையிலும் வீட்டிலும் இவ்வினாவை நாம் நாள்தோறும் எழுப்பினால், நம் பிள்ளைகளும் அதனைக் கற்றுக்கொள்வர்.