முழுநேர வாடகை வீட்டு உரிமையாளர் (இங்கிலாந்து)

வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தையே பிழைப்பாகக் கொண்டவர் முழுநேர வாடகை வீட்டு உரிமையாளர். இங்கிலாந்தில் இவர்கள் சிறுபான்மையினர். வேறு வேலையோ ஓய்வூதியமோ இருக்க, கூடுதல் வரவுக்காக வீட்டை வாடகைக்கு விடுபவர்களே அங்கு மிகுதி. 2021இல் அரசு நடத்திய கணக்கெடுப்பில் 43 விழுக்காட்டு உரிமையாளர்களிடம் ஒரே ஒரு வாடகை வீடுதான் இருந்தது. ஐந்தோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்கள் 18 விழுக்காட்டினர். ஆயினும் வாடகைக் குடித்தனங்களில் ஏறத்தாழப் பாதி அவர்களிடம் இருந்தது.

இந்தத் தொழிலின் இன்றைய வடிவம் புதியது. முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டனில் பெரும்பாலான குடும்பங்கள் தனியாரிடமே வாடகைக்கு இருந்தன. 1915இல் கிளாஸ்கோவில் மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னின்று வாடகை உயர்வை எதிர்த்துப் போராட, அவ்வாண்டே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1957இல் கட்டுப்பாடு தளர்ந்தபோது லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் பீட்டர் ராக்மன் போன்ற உரிமையாளர்கள் பழைய குடித்தனக்காரர்களை மிரட்டி வெளியேற்றியது பின்னர் பெரும் சர்ச்சையாக வெடித்தது. 1965இல் பாதுகாப்புகள் திரும்பின. 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் நிலைமையைத் தலைகீழாக்கியது. 1989 ஜனவரி முதல் புதிய குடித்தனங்களுக்குச் சந்தை வாடகை கேட்க முடிந்தது; அச்சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி காரணம் சொல்லாமலே இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்ல முடிந்தது. கடன் கொடுப்பவர்களுக்கு இது துணிவு தந்தது. 1996இல் வாடகை முகவர்கள் சங்கமும் சில வங்கிகளும் சேர்ந்து, வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்குவோருக்கு ‘பை டு லெட்’ என்ற அடமானக் கடனை அறிமுகப்படுத்தின. 1990களின் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த தனியார் வாடகைக் குடும்பங்கள், கால் நூற்றாண்டுக்குள் ஐந்தில் ஒரு பங்கை எட்டின.

வேலையை விட்டுவிட்டு இத்தொழிலில் இறங்க நினைப்பவர் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 2,00,000 பவுண்டு விலையுள்ள வீட்டுக்கு 1,50,000 பவுண்டு கடன், வட்டி 5.5 விழுக்காடு, மாத வாடகை 1,000 பவுண்டு என்று கொள்வோம். ஆண்டு வாடகை 12,000, வட்டி 8,250, மிச்சம் 3,750. இப்படி ஐந்து வீடுகள் இருந்தால் 18,750 பவுண்டு. கைமுதலாக 2,50,000 பவுண்டும் அதற்கு மேல் முத்திரை வரியும் போட்டவருக்கு, பழுதுபார்ப்பு, காப்பீடு, முகவர் கட்டணம், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எதையும் கழிக்காமல் கிடைப்பது இவ்வளவே. 2025 ஏப்ரலில் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி நேரம் வேலை செய்யும் கடைப் பணியாளர்கூட ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் பெறுகிறார்.

வரி விதி இதை இன்னும் இறுக்குகிறது. அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2015இல் அறிவித்து, 2017 முதல் 2020 வரை படிப்படியாக வந்த மாற்றத்தின்படி, தனிநபர் உரிமையாளர் கடன் வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது. வட்டியில் 20 விழுக்காட்டை வரியிலிருந்து குறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மேற்சொன்ன ஐந்து வீட்டுக்காரரின் வருமானம் வரித்துறைக்கு 60,000 பவுண்டாகத் தெரியும். 50,270 பவுண்டைத் தாண்டியதால் அவர் 40 விழுக்காட்டு வரி வரம்புக்குள் போய்விடுகிறார். கையில் வராத பணத்துக்கு இந்த வரம்பு. இதனால்தான் பலர் இப்போது நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் வாங்குகிறார்கள். நிறுவனம் வட்டி முழுவதையும் கழிக்கலாம். ஏற்கெனவே தம் பெயரில் உள்ள வீடுகளை நிறுவனத்துக்கு மாற்றுவது அத்தனை எளிதன்று, அது விற்பனையாகவே கொள்ளப்படும். வாடகைக்கு விடுவது உண்மையிலேயே தொழில்தான் என்று நிறுவினால் மூலதன ஆதாய வரியைத் தள்ளிவைக்கலாம். 2013இல் வந்த ஒரு தீர்ப்பில், பெல்ஃபாஸ்டில் ஒரு கட்டடத்தைப் பராமரிக்க வாரம் சுமார் 20 மணி நேரம் உழைத்தவருக்கு அந்தச் சலுகை கிடைத்தது.

கடனில் வளர்ந்தவர்களுக்கு வட்டியே முதல் ஆபத்து. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2020 மார்ச்சில் 0.1 விழுக்காடு, 2023 ஆகஸ்டில் 5.25. நிலைவட்டிக் காலம் முடிந்து புதுக் கடனுக்கு மாறியபோது பல வீடுகளின் மிச்சம் அப்படியே கரைந்தது. கடனே இல்லாமல், அல்லது சிறு கடனோடு வீடுகள் வைத்திருப்பவரே முழுநேரமாக நிம்மதியாக வாழ முடிகிறது என்பதை இந்த ஆண்டுகள் தெளிவாக்கின.

கடமைகளும் கனமானவை. கட்டடமும் வெந்நீர், வெப்பமூட்டும் வசதிகளும் உரிமையாளர் பொறுப்பு. இதை 1985ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது, ஒப்பந்தத்தில் எழுதியும் குடியிருப்பவர் தலையில் கட்ட முடியாது. எரிவாயுச் சோதனை ஆண்டுதோறும், மின்சாரச் சோதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே உள்ள வீட்டுக்கு முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கியதை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் பாதுகாக்க வேண்டும். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஐவரோ அதற்கு மேலோ சமையலறையையோ கழிப்பறையையோ பகிர்ந்து வாழும் வீட்டுக்கு உரிமம் தேவை. இத்தகைய வீடுகளில் வரவு கூடுதல், உழைப்பும் கூடுதல்.

யாரைக் குடிவைப்பது என்பதிலும் சட்டத்துக்கு இடமுண்டு. கென்ட் பகுதியில் ஏறத்தாழ 1,000 வீடுகள் வைத்திருந்த, முன்னாள் கணித ஆசிரியர் பெர்கஸ் வில்சன், கறி வாசனையைக் காரணம் காட்டி இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களுக்கு வீடு தராதே என்று முகவருக்கு எழுதினார். 2017இல் மெய்ட்ஸ்டன் நீதிமன்றம் அந்தக் கொள்கை சட்டவிரோதம் என்று தீர்த்தது. தேவையான தீர்ப்பு அது. ஓர் ஊரின் வாடகை வீடுகளில் பெரும்பங்கு ஒருவர் கையில் இருக்கும்போது அவரது வெறுப்பு ஒரு சமூகத்தையே தெருவில் நிறுத்திவிடும்.

2025 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவை நீக்குகிறது. முக்கிய விதிகள் நடைமுறைக்கு வரும் நாள் 2026 மே 1. அதன்பின் குடித்தனங்களுக்கு முடிவுத் தேதி கிடையாது. வாடகையை ஆண்டுக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம். வீட்டை விற்க விரும்பும் உரிமையாளர் முதல் 12 மாதங்களுக்குள் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. நான்கு மாத நோட்டீஸும் தர வேண்டும். விற்கப்போவதாகச் சொல்லிக் காலி செய்த வீட்டை 12 மாதங்களுக்கு மறுபடி வாடகைக்கு விடவும் தடை உண்டு.