ஆம்னி வேன்: கிளட்ச், கியர் கோளாறுகள்
1984 முதல் 2019 வரை தயாரான மாருதி ஆம்னி, திருப்பூரில் துணி ரோல்களையும் பனியன் பண்டல்களையும் சுமந்த 796 சிசி வேன். இதன் கிளட்ச் கேபிளால் இயங்குவது. சாயப்பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் இடையே பாரத்தோடு நின்று நின்று போனால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும்.

இன்ஜின் இரைந்தும் வேகம் கூடாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். மிதியில் சற்றும் தளர்வில்லாமல் இறுகிய கேபிள் நல்ல பிளேட்டையும் தின்றுவிடும். கியர் விழ மறுத்தால் இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கலாம். அப்போது எளிதாக விழுந்தால் கியர்பாக்ஸைப் பழிப்பது தவறு. பெரும்பாலும் கேபிள் தளர்ந்து, கிளட்ச் முழுதாக விடுபடாமல் இருக்கும். ஒரே கியர் மட்டும் கரகரத்தால் அந்த கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தமென்றால் கோளாறு ரிலீஸ் பேரிங்கில். கியர்பாக்ஸை இறக்கிவிட்டால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. இறக்கும் கூலி மறுபடி விழாது.