லிஸ்பன்: நகரப் போக்குவரத்தும் வான்வழியும்

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பன், தேஜோ ஆற்றின் வடகரையில் குன்றுகள்மேல் அமைந்தது. இங்கே தொலைவைவிட ஏற்றமே பயணியைக் களைக்கச் செய்வது. அதனால் 1884இல் லாவ்ரா, 1885இல் குளோரியா, 1892இல் பிக்கா என்னும் சரிவு ரயில்கள் தோன்றின. ஒரே கம்பிவடத்தில் இணைந்த இரு பெட்டிகளில் ஒன்று இறங்க மற்றது ஏறும். 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியாவின் வடம் விடுபட்டதில் 16 பேர் உயிரிழந்தனர். நகரின் ஆறாத துயரம் அது.

தாழ்ந்த பைஷா பகுதியையும் மேட்டிலுள்ள கார்மோவையும் 1902 முதல் 45 மீட்டர் உயரச் சாந்தா ஜுஸ்தா மின்தூக்கி இணைக்கிறது. மின்சார டிராம்கள் 1901இல் வந்தன. அல்ஃபாமா பகுதியின் குறுகிய வளைவுகளில் நீண்ட வண்டி திரும்பாது; அதனால் அவ்வழியே செல்லும் 28ஆம் எண் தடத்தில் இன்றும் சிறிய மஞ்சள் டிராம்களே ஓடுகின்றன. கூட்டத்தைத் தவிர்க்க விடியற்காலையே ஏற்றது. பைஷா-ஷியாதோ மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டுகளை, ரயிலேறாமல் குன்றேற மட்டுமே பயன்படுத்துவோரும் உண்டு. அது நல்ல வழி.

1942இல் திறக்கப்பட்ட உம்பெர்த்து தெல்காது விமான நிலையம் நகர எல்லைக்குள்ளேயே உள்ளது. 2012 முதல் மெட்ரோவின் சிவப்புத் தடம் அங்கிருந்து புறப்படுகிறது. அலமேதாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் பைஷாவை அடையலாம்.