பித்தளையில் பொறித்த பெயர்கள்

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குள் நுழைவோம். ஆடு, மாடு, புளி, கருவாடு எல்லாவற்றையும் தாண்டி ஓர் ஓரத்தில் சாக்கு விரித்துப் பழைய பித்தளை விற்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் குவியலில், ஒடிந்த குத்துவிளக்குத் தண்டுக்கும் தராசுத் தட்டுக்கும் நடுவில், உள்ளங்கையளவு வட்டப் பெட்டி ஒன்று கிடந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு தட்டு ஆடி ஆடி நின்றது. மூடியின் மேல் சின்னதாக ஓர் அம்புக்குறி. அதற்குக் கீழே பெயர் வெட்டியிருந்த இடம் தேய்ந்துபோய் மூன்று எழுத்துகளின் நிழல் மட்டும் தெரிந்தது.

"மிலிட்டரிக்காரர் வீட்டுச் சாமான் சார், பெங்களூர்ல இருந்து வந்தது. எடை போட்டு எடுத்துக்குங்க" என்றார் விற்றவர். பளபளப்பாக இருந்தால்தான் விலை போகும் என்று புளி போட்டுத் தேய்த்தவரும் அவர்தான்.

அது முப்பட்டகத் திசைகாட்டி. முப்பட்டகக் கண்ணாடி வழியே பார்த்தால் தூரத்து மலையும் அது நிற்கும் பாகையும் ஒரே பார்வையில் தெரியும். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் சொத்து அடையாளம். அந்தக் காலத்து அதிகாரிகள் பலர் கருவிகளைச் சொந்தக் காசிலும் வாங்கிப் பெயரை வெட்டி வைத்துக்கொண்டார்கள். வாளைப் போலவே அதுவும் அவர்களுடைய உடைமை. எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்பதை அந்தப் பெயரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். என் கைக்கு வந்ததன் கதையைப் புளித்தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

ஆனால் இப்படிப்பட்ட கருவிகளோடு இந்த மண்ணில் நடந்த படைவீரர்கள் சிலரின் கதை மிச்சமிருக்கிறது.

1792. மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலை விட்டுக்கொடுத்தார். இன்றைய கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, தருமபுரி, திருப்பத்தூர் எல்லாம் அதற்குள் வரும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைக் கும்பினிப் படை அந்தப் போரில் பிடிக்கவே இல்லை. 1791 நவம்பரில் கும்பினி அதிகாரி மாக்ஸ்வெல் இரவோடு இரவாக ஏறப் பார்த்து அடிபட்டுத் திரும்பினார். துப்பாக்கியால் முடியாததைக் காகிதம் முடித்தது.

புதிய நிலத்தை ஆள வந்தவர்களும் படைவீரர்களே. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமை, அவருக்குக் கீழே மன்றோ, மெக்லியாட், கிரஹாம் என்று மூன்று உதவியாளர்கள். நால்வரும் படையதிகாரிகள். மன்றோ 1780இல் காலாட்படைப் பயிற்சி வீரராகச் சென்னையில் வந்து இறங்கியவர். சென்னை தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரைமேல் சிலையாக இருக்கிறாரே, அவரேதான். தருமபுரியில் ஏழு ஆண்டுகள் வயல் வயலாக அலைந்துதான் அவர் நிர்வாகம் கற்றார். இடைத்தரகரை விட்டு ஒவ்வொரு உழவனோடும் நேராகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை முளைத்தது இந்தப் பாராமகாலில். அதற்கு நிலத்தை அளந்தாக வேண்டும். அளக்கச் சங்கிலி வேண்டும்.

மன்றோ பின்னாளில் ராயலசீமையை அளக்கப் பயன்படுத்திய சங்கிலியின் நீளம் 33 அடி. அந்தச் சங்கிலியளவு சதுரம் ஒரு குண்டா. 33ஐ 33ஆல் பெருக்கினால் 1,089 சதுர அடி, நாற்பது குண்டா ஒரு ஏக்கர். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் கால் வைத்தால் இன்றும் நிலத்தைக் குண்டே கணக்கில்தான் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் சென்ட் என்கிறோம். சிப்காட் வந்தபின் போச்சம்பள்ளியில் சென்ட் விலை கேட்காத டீக்கடை இல்லை.

அடுத்த போர் 1799. ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை வேலூரிலிருந்து புறப்பட்டு, போச்சம்பள்ளிக்கு மேற்கே இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் காரிமங்கலம் வழியாக நகர்ந்து, மார்ச் 4ஆம் தேதி இராயக்கோட்டையில் கூடாரம் அடித்தது. அந்தக் கூட்டத்தில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு லெப்டினன்ட் இருந்தார். 33ஆம் காலாட்படையைச் சேர்ந்த வில்லியம் லாம்டன். வட அமெரிக்கக் குளிரில் பல ஆண்டுகள் பாசறைக் கணக்கு எழுதிக்கொண்டே கணிதமும் வானியலும் தானாகப் படித்தவர். புகைபிடித்த கண்ணாடி இல்லாமல் சூரிய கிரகணத்தைப் பார்த்து ஒரு கண்ணின் பார்வையைக் கெடுத்துக்கொண்டவர்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே ஓர் இரவு. ஜெனரல் பெயர்டின் படை ஒரு தோப்பைச் சோதித்துவிட்டு முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. லாம்டன் விண்மீன்களைப் பார்த்துவிட்டு, நாம் வடக்கே போகவில்லை, தெற்கே எதிரியின் பாசறையை நோக்கிப் போகிறோம் என்றார். பெயர்ட் முதலில் நம்பவில்லை. பிறகு வெளிச்சம் வரவழைத்துத் திசைகாட்டியைப் பார்த்தார். முள்ளும் விண்மீனும் ஒன்றையே சொல்லின. படை திரும்பியது.

போர் முடிந்ததும் லாம்டன் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். கடற்கரையிலிருந்து கடற்கரைவரை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து நாட்டை அளப்பது. ஒரு பக்கத்தை மட்டும் சங்கிலியால் அளந்துவிட்டால் மற்றதெல்லாம் கோணம் பார்த்துக் கணக்குப் போட்டு வரும். அவருடைய கருவிகளின் பிறப்பே ஒரு தனி அத்தியாயம். லண்டனில் ராம்ஸ்டன் செய்த நூறடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாக பிரிட்டனின் மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு போனது. பேரரசர் சீந்தவில்லை. குழுவில் இருந்த டின்விடி என்ற வானியலாளர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவர, லாம்டனுக்கு வாங்கிக்கொடுத்தார்கள். கோணம் பார்க்கும் பெரிய தியோடலைட்டைச் செய்தவர் லண்டன் வில்லியம் கேரி. வட்டத்தின் விட்டம் 36 அங்குலம், எடை அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் பிடித்து மொரீஷியஸுக்கு இழுத்துப்போனது. அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த ஆளுநர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். இரண்டு நாடும் போரில் இருந்த காலம் அது. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆளுநரை எனக்குப் பிடித்துப்போகிறது.

1802 ஏப்ரலில் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் நோக்கி முதல் அடிக்கோடு. ஏழரை மைல், 57 நாள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, முக்காலியில் ஏற்றி, கூடார நிழலில் வெப்பமானி வைத்து, நானூறு தடவை தூக்கித் தூக்கி வைத்தார்கள். பிறகு முக்கோணங்கள் மேற்கே மலை மலையாக ஏறின. 1804இல் பெங்களூர் அருகே இன்னோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, சென்னையிலிருந்து கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். இடையில் முந்நூறு கிலோமீட்டர் போல மலையும் காடும். வித்தியாசம் 3.7 அங்குலம்.

பிறகு லாம்டன் தெற்கு வடக்காகத் தொடங்கிய பெருங்கோடு 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிக் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயம்வரை போனது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நம் சூளகிரியும் இராயக்கோட்டையும் அந்தத் தீர்க்கரேகைமேலேயே உட்கார்ந்திருக்கின்றன.

லாம்டனோடு வேலை செய்த இருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒருவர் ஹென்றி கேட்டர். புவியீர்ப்பை அளக்க அவர் செய்த 'கேட்டர் ஊசல்' கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இன்றும் ஆடுகிறது. முப்பட்டகத் திசைகாட்டியை முதலில் யோசித்தவர் அவர்தான் என்று சொல்வோர் உண்டு. காப்புரிமை 1812இல் ஷ்மால்கால்டர் என்ற லண்டன் வினைஞருக்குப் போனது. சந்தையில் எனக்குக் கிடைத்த பெட்டியின் பாட்டன் அதுதான்.

மற்றவர் ஜான் வாரன். மைசூரின் கிழக்கெல்லையை அளக்கப் போனபோது, கோலார் மண்ணைக் கழுவி மக்கள் பொன் எடுக்கிறார்கள் என்று 1802இல் எழுதிவைத்தவர். பின்னாளில் புதுச்சேரியில், ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக இருந்த வாய்பாட்டைக் கொண்டு 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை நான்கே நிமிடம். அரை டன் பித்தளையோடு பழகிய ஒரு படைவீரர், ஒரு கைப்பிடிச் சோழிக்கு முன் மரியாதையாக உட்கார்ந்து அதைக் 'காலசங்கலித' என்ற நூலில் பதிந்தார். அந்தக் கணிதரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அந்தப் பதிவு வழியாக வந்ததே.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில்மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் மோதி, பாகை வெட்டிய வட்டம் நெளிந்தது. வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்கு எழுதியிருப்பார்கள். லாம்டன் திருச்சிக்குப் போய்க் கூடாரத்தை மூடிக்கொண்டார். பலகையில் சரியான வட்டம் வரைந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு நெளிவை முடி முடியாக இழுத்து எடுத்தார். ஆறு வாரம். அதே கருவியோடு மறுபடி வேலைக்குப் போனார். 1823 ஜனவரி 20ஆம் தேதி, அளந்துகொண்டே வடக்கே போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். வயது எழுபதை ஒட்டி. கருவி இன்று டேராடூனில், இந்திய நில அளவைத் துறையிடம் இருக்கிறது.

இந்தக் கருவிகள் பின்னாளில் பழுதானபோது பிரித்துக் கோத்தவர்களில் ஒருவர் நம் ஆற்காட்டுக்காரர், சையத் மீர் மொஹ்சின் உசேன். நில அளவைத் தலைவர் எவரெஸ்டின் பரிந்துரையில் 1843இல் அரசின் கணிதக் கருவி வினைஞர் பதவிக்கே உயர்ந்தார். அவருடைய பெயராவது ஏட்டில் ஏறியது. தியோடலைட்டைக் கம்பில் கட்டி மலையேற்றியவர்கள், காய்ச்சலோடு உச்சியில் கொடி பிடித்து நின்ற கலாசிகள், சங்கிலி இழுத்தவர்கள் யாருடைய பெயரும் எந்தப் பித்தளையிலும் இல்லை. செயின்மேன் என்ற பதவி மட்டும் அவர்கள் நினைவாக நம் வருவாய்த் துறையில் வெகுகாலம் இருந்தது.

அந்தப் பெருங்கணக்கின் தடம் மலையுச்சிப் பாறைகளில் இருக்கிறது. ஒரு சிறு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. நில அளவைக்காரர்கள் உளியால் வெட்டிய குறி. ஆடு மேய்ப்பவர்களுக்குத்தான் இவை நன்றாகத் தெரியும். கிருஷ்ணகிரிக் கருங்கல்லுக்கு உலகமெங்கும் கிராக்கி. வெடி வைத்துக் குன்று சரியும்போது அந்தக் குறியும் சேர்ந்தே சரிகிறது. எந்தக் குன்றில் எந்தக் குறி என்று பட்டியலிடாமல் குவாரி உரிமம் தருவது தவறு என்பதே என் கருத்து.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டாளத்துக்குப் போன தாத்தாவின் பெட்டியிலோ பழைய பித்தளைக் கடையிலோ இப்படிப்பட்ட கருவி கண்ணில் பட்டால், முதலில் அம்புக்குறி, எண், செய்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றைப் பாருங்கள். புதுப் பித்தளை மின்ன, மூடிக்குள் ஆங்கிலக் கவிதை அச்சடித்திருந்தால் அது இன்றைய பட்டறைச் சரக்கு, ஏமாற வேண்டாம். பழையதுதான் என்று தெரிந்தால் புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், பாலீஷ் வேண்டவே வேண்டாம். உலர்ந்த துணியால் தூசியை மட்டும் தட்டி, பெயர் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.