கொடிமலையில் நின்ற புதுவண்டி

ஆயர் ஈத்தாமிலிருந்து பினாங்குக் கொடிமலைக்கு ஏறும் மலை இரயிலைப் பற்றிப் பேசுவோர் 1923ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அதற்கு முன்னரே அங்கு ஓர் இரயில் பாதை அமைந்து, பயன்படாமற் போன செய்தியைப் பலர் அறியார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் முதலிட்டு அமைத்த பாதை அது. பொறிக்கோளாறு காரணமாகக் கைவிடப்பட்டது.

இவ்வகை வண்டியின் இயல்பை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் இரு வண்டிகள்; ஒன்று ஏற, மற்றொன்று இறங்கும். ஒன்று நின்றால் இரண்டும் நிற்கும். சாலையில் பழுதான மகிழுந்தைப் போல் ஓரமாகத் தள்ளிவிட இயலாது.

பின்னர் அரசு பொறுப்பேற்றது. ஆர்னால்டு ஜான்சன் என்னும் இரயில்வேப் பொறியாளர் வகுத்த பாதை 1923 அக்டோபரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1924 ஜனவரி 1ஆம் நாள் ஆளுநர் முறைப்படித் தொடக்கி வைத்தார். பாதை இரு பகுதிகளாக அமைந்தமையால் நடுநிலையத்தில் வண்டி மாறவேண்டும். மாணவப் பருவத்தில் நாங்கள் அதற்குச் சலித்துக்கொண்டதுண்டு!

2010இல் அவ்வண்டி ஓய்வுபெற்றது. 2011இல் இடையில் மாறாது உச்சியை அடையும் புதுவண்டி வந்தது. வந்த புதிதிலேயே அதுவும் பழுதுபட்டு நின்றது. பழைய வண்டியே மேல் என்று நானும் அன்று சொன்னேன். அதற்கும் முன் ஒன்று தோற்றதை அப்போது அறியேன்.