தரங்கம்பாடியில் ஒரு மாணாக்கர்

1706ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்க், 24 வயதளவினரான ஜேர்மானியர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அவரையும் புளூட்சோ என்பவரையும் சமயப்பணிக்கென அனுப்பியிருந்தார். அக்காலத்துக் கரையோரப் பட்டினங்களில் ஐரோப்பியருக்கும் சுதேசிகளுக்கும் இடையே வழங்கிய பொதுமொழி போர்த்துக்கேயமாகும். வணிகருக்கு அது போதியதாயிருந்தது. மக்களிடம் செல்ல விரும்பியோருக்குப் போதவில்லை. எனவே புளூட்சோ போர்த்துக்கேயத்திலும் சீகன்பால்க் தமிழிலும் சிறப்பாகக் கருத்தூன்றலாயினர்.

எழுபது வயது நிரம்பிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் பள்ளியை இவர்களது இல்லத்திலேயே நடத்த இசைந்தார். சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, இருவரும் எழுத்துக்களைக் கற்றனர். பல்கலைக்கழகக் கல்வி பெற்ற ஒருவர் இங்ஙனம் அரிச்சுவடியிலிருந்து தொடங்க இசைந்தமை சிறிய செய்தியன்று. ஆயினும் எழுத்துக் கூட்ட வந்ததேயன்றிப் பொருள் விளங்கவில்லை. ஆசிரியர் ஐரோப்பிய மொழி எதனையும் அறியார். அக்குறையை நீக்கியவர், ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்திருந்த துபாஷி அழகப்பர் ஆவர்.

பின்னர் அவர் மேற்கொண்ட நாளொழுங்கு வியப்பிற்குரியது. காலை ஏழு மணிக்கு முன்னாட் சொற்களை மீட்டல். எட்டு முதல் நண்பகல்வரை புதிய ஏடுகளைப் படித்தல். முதிய புலவரொருவர் பொருளுரைக்க, எழுத்தரொருவர் அருஞ்சொற்களைக் குறித்துக்கொள்வார். உணவு வேளையிலும் ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். இரவில் கண்ணயர்வு கருதி மீண்டும் செவிவழிக் கல்வியே. ஏடுகளைத் தேடி ஊர்களுக்கு ஆளனுப்பினார். பிராமணக் கைம்பெண்கள் பலர் அவற்றைக் குறைந்த விலைக்குக் கொடுத்தனர். வறுமையே அந்நூலகத்தை நிரப்பியது எனலாம். 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் திருக்குறளும் இடம்பெறுகின்றது.

ஏட்டுத் தமிழ் வேறு, வீதித் தமிழ் வேறு என்பதை அவர் விரைவில் கண்டார். 1714இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். அப்பயணத்திலே இலத்தீனில் எழுதப்பட்ட தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சாயிற்று. புலவரிடம் ஏடு கற்றவராயினும், அதில் அவர் பெரிதும் விளக்க முற்பட்டது மக்கள் பேசிய தமிழையே.

அந்நூலின் முகப்பில் ஆசிரியராக விளங்குவது சீகன்பால்க்கின் பெயரே. மணலில் எழுதுவித்த முதியவரும், பொருளுரைத்த புலவரும், சொற்குறித்த எழுத்தரும் அவர்தம் கடிதங்களில் தொழிற்பெயரளவிலேயே நமக்கு எதிர்ப்படுகின்றனர்.